ஒரு பாடலும் அதன் இரு மொழிகளும்: ஆனந்த சமரக்கோனின் இசைவாழ்வு (1911–1962)

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டுச் சிங்கள இசையின் வரலாற்றில் ஆனந்த சமரக்கோனின் பெயர் இரண்டு காரணங்களுக்காக நினைவுகூரப்படுகிறது. பிறமொழி மெட்டுகளைச் சாராமல் சிங்களச் சொல்லுக்கெனவே மெட்டமைத்த புதிய பாடல்மரபின் முன்னோடி அவர் என்பது ஒன்று. பின்னாளில் இலங்கையின் தேசிய கீதமாக ஏற்கப்பட்ட 'நமோ நமோ மாதா' என்ற பாடலின் சொல்லும் இசையும் அவருடையவை என்பது மற்றொன்று. முதற் காரணம் பற்றிச் சிங்களத்தில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. இரண்டாவது காரணம் தமிழருக்கும் உரியது. ஏனெனில் அப்பாடல் அரச ஏற்புப் பெறுவதற்கு முன்னரே புலவர் மு. நல்லதம்பியின் தமிழாக்கமும் அதே மெட்டில் பாடப்பட்டது. தமிழில் தேசிய கீதம் பாடப்படலாமா என்னும் விவாதம் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பலமுறை எழுந்துள்ளது. ஆயினும் அப்பாடலை இயற்றியவரின் வாழ்வு தமிழில் போதிய அளவு பேசப்படவில்லை. சமரக்கோனின் இசைவாழ்வை அதன் காலப் பின்னணியில் வைத்து நோக்குவதும், ஒரு பாடல் அரசுடைமையாகும்போது அதன் ஆசிரியருக்கும் அதன் மற்றைய மொழிக்கும் நேர்வது யாது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சமரக்கோனுக்கு முந்திய சிங்கள இசை

சமரக்கோன் பாடத் தொடங்கிய காலத்துச் சிங்கள இசை மூன்று ஊற்றுகளிலிருந்து வந்தது. முதலாவது 'நாடகம்' என்னும் அரங்க மரபு. பெயரே காட்டுவதுபோல இது தமிழ்க் கூத்து மரபிலிருந்து, குறிப்பாக மேற்குக் கரையோரக் கத்தோலிக்கரிடையே வழங்கிய நாட்டுக்கூத்திலிருந்து, சிங்களத்துக்குச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பு சிங்ஞோ இதனைச் சிங்களத்தில் வளர்த்தார். மத்தளமும் தென்னிந்தியச் சாயல்கொண்ட மெட்டுகளும் இம்மரபின் உடைமைகள். சிங்களப் பேச்சுவழக்கில் பாட்டைக் குறிக்கும் 'சிந்துவ' என்ற சொல் தமிழின் 'சிந்து' என்பதன் வழி வந்ததே.

இரண்டாவது ஊற்று 'நுர்த்தி' என்னும் நாடக வகை. 1870களின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் இது தோன்றியது. ஜோன் த சில்வா (1857–1922) எழுதிய வரலாற்று நாடகங்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த விசுவநாத் லௌஜி இசையமைத்தார். இதன்வழி வடஇந்திய இராகங்கள் சிங்களவரின் செவிக்குப் பழகின.

மூன்றாவது ஊற்று இசைத்தட்டு. 1930களில் இந்தித் திரைப்பாடல்களின் மெட்டும் தமிழ்த் திரைப்பாடல்களின் மெட்டும் சிங்களச் சொற்களை ஏற்று இசைத்தட்டுகளாக விற்பனையாகின. சொல் உள்ளூரது, மெட்டு வெளியூரது. இவ்வழக்கம் பின்னர் திரைப்படத்துக்கும் சென்றது. முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ' (1947) எஸ். எம். நாயகம் என்னும் தமிழரால் தயாரிக்கப்பட்டு, தமிழ்நாட்டுப் படப்பிடிப்பு நிலையமொன்றில் உருவானது என்பதை எண்ணினால் இசைக்கடனின் ஆழம் விளங்கும்.

இம்மூன்று ஊற்றுகளாலும் சிங்கள இசை வளம்பெற்றது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மெட்டு முன்னரே இருக்க, அதன் அளவுக்குச் சொல்லை வெட்டியும் நீட்டியும் பொருத்தும் முறையில், மொழியின் இயல்பான ஓசை இரண்டாமிடத்தையே பெற்றது. இந்த வரிசையை மாற்றியமைத்ததே சமரக்கோனின் பணி.

2. இளமையும் சாந்திநிகேதனமும்

சமரக்கோன் 1911 சனவரி 13ஆம் நாள் பாதுக்கையை அடுத்த பகுதியில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோர்ஜ் வில்பிரட் அல்விஸ் சமரக்கோன். கோட்டே கிறித்தவக் கல்லூரியில் கல்வி கற்ற அவர் பின்னர் அங்கேயே இசையும் ஓவியமும் கற்பித்தார்.

1934ஆம் ஆண்டில் இரவீந்திரநாத் தாகூர் மூன்றாம் முறையாக இலங்கைக்கு வந்தார். அவருடைய குழுவினர் 'சாபமோசன்' என்னும் இசைநாடகத்தை அரங்கேற்றினர். ஹொறணையில் ஸ்ரீ பாலி நிறுவனத்துக்கு அவர் அடிக்கல் நாட்டியதும் அப்பயணத்திலேயே. ஆங்கிலக் கல்வியின் நிழலில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்நிகழ்வுகள் ஒரு புதிய வழியைக் காட்டின. சொந்த மொழியின் கவிதையும் நாட்டார் இசையும் செவ்வியல் பயிற்சியும் ஒன்றுகூடும் ஒரு கலை இயலும் என்பதே அவ்வழி. அடுத்த ஆண்டுகளில் சிங்கள இளைஞர் பலர் சாந்திநிகேதனம் சென்றனர். 1936இல் சமரக்கோனும் அங்குச் சென்றார். நந்தலால் போசின் தலைமையில் ஓவியத்துறை சிறந்து விளங்கிய காலம் அது. சமரக்கோன் இசையையும் ஓவியத்தையும் பயின்றார். ஆயினும் அங்கு நெடுநாள் தங்கவில்லை. சில மாதங்களிலேயே நாடு திரும்பினார்.

பயிற்சிக் காலம் குறுகியதாயினும் அதன் விளைவு பெரிது. நாடு திரும்பியபின் அவர் பௌத்தத்தைத் தழுவி 'ஆனந்த' என்னும் பெயரை ஏற்றார். அத்துடன் பாடலின் சொல்லும் மெட்டும் ஒரே உள்ளத்திலிருந்து பிறக்க வேண்டும் என்னும் தாகூர் நெறியைச் சிங்களத்துக்குக் கொணர்ந்தார். தாகூரின் மெட்டைக் கடன்வாங்குவதை விடுத்து அவருடைய முறையைக் கடன்வாங்கியதே இங்குக் கருதத்தக்கது. 'நமோ நமோ மாதா'வின் இசை தாகூருடையதே என்னும் கூற்று அவ்வப்போது எழுவதுண்டு. சமரக்கோனின் பிற பாடல்களை அதனோடு சேர்த்துக் கேட்போர், ஆசிரியரிடமிருந்து மாணவர் பெற்ற பண்புக்கும் ஆசிரியரின் ஆக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

3. காலியில் பிறந்த பாடல்கள்

1938 முதல் 1942 வரை காலி மகிந்தக் கல்லூரியில் சமரக்கோன் இசையாசிரியராகப் பணியாற்றினார். அவருடைய ஆக்கத்தின் வளமான காலம் இதுவே. 1940இல் வெளிவந்த 'என்னத மெனிக்கே' என்னும் பாடல் சிங்கள மெல்லிசையின் தொடக்கமாகப் பலராலும் கொள்ளப்படுகிறது. கிராமத்து இளைஞனும் இளம்பெண்ணும் நிகழ்த்தும் உரையாடலாக அமைந்த அப்பாடலில் வடமொழிச் செறிவு இல்லை. அரங்கப் பாடலின் மிகையும் இல்லை. வயலோரத்தில் வழங்கும் பேச்சுமொழியும் நாட்டார் கவியின் ஓசையும் எளிய மெட்டில் அமைந்தன. 'பொடிமல் எதனோ', 'விலே மலக் பிபிலா' முதலிய பாடல்களும் இவ்வகையினவே. பூ, ஓடை, வயல், நோன்மதி நாள் என அவர் பாடிய பொருள்கள் சிறியன. அச்சிறுமையிலேயே புதுமை இருந்தது.

இந்நெறி அவருடன் முடியவில்லை. சுனில் சாந்த (1915–1981) அதனை மேலும் வளர்த்தார். 1952இல் இந்திய இசையறிஞர் எஸ். என். இரத்தன்ஜன்கர் முன்னிலையில் இலங்கை வானொலிக் கலைஞர்கள் குரல்தேர்வுக்கு அழைக்கப்பட்டபோது சுனில் சாந்த அதற்கு உடன்படாமல் வானொலியை விட்டு விலகினார். சிங்கள இசையை இந்துஸ்தானி அளவுகோலால் அளக்கலாமா என்பதே அன்றைய வினா. அவ்வினாவை முதன்முதலில் எழுதாமல் எழுப்பியவை சமரக்கோனின் பாடல்களே. பின்வந்த டபிள்யூ. டி. அமரதேவ (1927–2016) நாட்டார் இசையையும் இராக மரபையும் இணைத்து அதற்கு வேறொரு விடை கண்டார்.

'நமோ நமோ மாதா'வும் 1940இல் காலியில் இயற்றப்பட்டதே. பிரித்தானிய ஆட்சி நிலவிய அக்காலத்தில் பாடசாலைகளில் ஒலித்த அரச வாழ்த்து ஆங்கில மன்னருக்குரியது. மாணவர் தம் நாட்டைத் தம் மொழியில் வாழ்த்துவதற்கு ஒரு பாடல் வேண்டும் என்னும் தேவையில் பிறந்த இது, போர்ப்பாடலன்று. பகைவர் எவரையும் அது சுட்டவில்லை. நாட்டைத் தாயாக உருவகித்து, அவளுடைய விளைவையும் அழகையும் போற்றி, அவளே அறிவும் வலிமையும் என வணங்கி, இறுதியில் ஒரு தாயின் பிள்ளைகளாகப் பிணக்கின்றி முன்செல்ல மக்களை அழைப்பது அதன் அமைப்பு. குறிப்பிட்ட ஓர் இனத்தின் பெயரோ மதத்தின் பெயரோ அதில் இடம்பெறவில்லை. பின்னாளில் அது மொழிபெயர்ப்புக்கு இசைந்து கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

4. இழப்பும் ஏற்பும்

1940களின் நடுப்பகுதி சமரக்கோனுக்குத் துன்பக் காலமாயிற்று. பாடல்களை நூலாக்கிய முயற்சியில் ஏற்பட்ட கடனால் அவற்றின் பதிப்புரிமை அவர் கையை விட்டுப் பதிப்பாளரிடம் சென்றது. 1945இல் அவருடைய ஒரே மகன் ஐந்து அகவையில் இறந்தான். இசையைத் துறந்த சமரக்கோன் இந்தியா சென்று ஓவியராக வாழ்ந்தார். அங்குப் பல காட்சிகளும் நடத்தினார். 1951இல்தான் மீண்டும் இசைக்குத் திரும்பினார்.

அவர் விலகியிருந்த அந்த ஆண்டுகளில் அவருடைய பாடல் தனக்கென ஒரு வாழ்வைத் தேடிக்கொண்டது. 1948இல் விடுதலையை ஒட்டி லங்கா காந்தர்வ சபை நடத்திய தேசிய கீதப் போட்டியில் பி. பி. இலங்கசிங்கவும் லயனல் எதிரிசிங்கவும் இயற்றிய பாடல் தேர்வானது. அவ்விருவரும் நடுவர் குழுவில் இருந்தமையால் அத்தேர்வு கண்டனத்துக்குள்ளானது. பெப்ரவரி 4ஆம் நாள் காலை அப்பாடல் வானொலியில் ஒலித்தபோதும் மக்களிடம் வேரூன்றவில்லை. பாடசாலைகளின் வழியாக முன்னரே பரவியிருந்த 'நமோ நமோ மாதா'வே மக்கள் நாவில் நின்றது. 1949ஆம் ஆண்டுத் தேசிய நாள் விழாவில் அது சிங்களத்திலும் தமிழிலும் பாடப்பட்டது.

1950இல் அன்றைய நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன இப்பாடலைத் தேசிய கீதமாக ஏற்குமாறு முன்மொழிந்தார். அமைச்சர் எட்வின் விஜயரத்னவின் தலைமையில் அமைந்த குழு பல பாடல்களை ஆராய்ந்து சிறு சொல்மாற்றத்துடன் இதனையே பரிந்துரைத்தது. அம்மாற்றத்துக்குச் சமரக்கோன் இசைந்தார். 1951 நவம்பர் 22ஆம் நாள் அரச ஏற்புக் கிடைத்தது. எனினும் பதிப்புரிமை பதிப்பாளரிடம் இருந்தமையால் உரிமைக்கென அரசு வழங்கிய தொகை ஆசிரியரைச் சேரவில்லை. நாடே பாடும் பாடலை இயற்றியவர் சட்டத்தின் கண்ணில் அப்பாடலுக்கு அயலவராக நின்றார்.

5. தமிழாக்கமும் அதன் தகுதியும்

தமிழாக்கத்தைச் செய்த புலவர் மு. நல்லதம்பி (1896–1951) வட்டுக்கோட்டையைச் சேர்ந்தவர். கொழும்பு சாகிராக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கியவர். அவர் ஏற்ற பணி எளிதன்று. கவிதையை மொழிபெயர்ப்போர் பொருளைக் காத்தால் போதும். பாடலை மொழிபெயர்ப்போரோ நெடில் விழும் இடத்தில் நெடிலையும், இசை நீளும் இடத்தில் நீளத்தக்க அசையையும் வைக்க வேண்டும். 'மாதா' என்பதன் இரு நெடிலுக்கு இணையாகத் 'தாயே' என்பதன் இரு நெடிலை அவர் அமைத்தமை இத்திறனுக்கு ஒரு சான்று. பொருளும் மாறவில்லை, மெட்டும் இடறவில்லை, சொல்லும் தூய தமிழாயிற்று. ஒரே இசைக்குழு ஒரே மெட்டை இசைக்க, சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் தத்தம் மொழியில் சேர்ந்து பாடத்தக்கதாய் அது அமைந்தது. தமிழ்ப் பாடசாலைகளில் தலைமுறை தலைமுறையாக அது வழங்கிவருகிறது.

ஆதலின் தமிழ் வடிவத்தைப் பிற்காலத்தில் அரசியல் கோரிக்கையால் சேர்க்கப்பட்ட ஒட்டாகக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மூலப்பாடல் அரச ஏற்பைப் பெறுமுன்னரே தமிழ் வடிவம் தேசிய மேடையில் ஒலித்துவிட்டது.

6. 'தலையிழந்த' பாடல்

1950களின் இறுதியில் பாடலின் தொடக்கச் சொற்கள் நாட்டுக்குத் தீங்கு விளைப்பன என்னும் கருத்துப் பரவியது. பிரதமர் டி. எஸ். சேனநாயக்க 1952இல் குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்ததும், பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க 1959இல் சுட்டுக் கொல்லப்பட்டதும் இதற்குச் சான்றுகளாகக் காட்டப்பட்டன.

இந்நம்பிக்கை தமிழ் ஆய்வாளருக்குப் புதிதன்று. முதற்சீருக்கு மங்கலம், எழுத்து, கணம் முதலான பொருத்தங்கள் பார்க்க வேண்டும் என நம் பாட்டியல் நூல்கள் விரித்துரைக்கின்றன. நந்திக் கலம்பகத்தைக் கேட்டு மன்னன் உயிர்துறந்தான் என்னும் கதையும் நம்மிடையே வழங்குகிறது. சிங்கள இலக்கணமான 'சிதத் சங்கராவ'வும் நன்மை தீமை பயக்கும் எழுத்துகளைப் பற்றிப் பேசுகிறது. வடமொழி யாப்பின்படி நோக்கின் 'நமோ ந' என்னும் குறில்–நெடில்–குறில் அமைப்பு ஜகணமாகும். நோய் பயக்கும் எனத் தொடக்கத்தில் விலக்கப்படுவது அது. 'ஸ்ரீ லங்கா' என்பதன் மூன்று நெட்டசைகள் மகணமாகும்; செல்வம் பயப்பதாகக் கொள்ளப்படுவது அது. யாப்பு மரபின் இக்கணக்கு ஏட்டளவில் பிழையற்றது. ஆனால் ஒரு நாட்டின் இடர்களுக்கு மொழிச்சட்டத்தையும் கலவரத்தையும் பதவிப்போட்டியையும் ஆராயாமல் இரண்டு அசைகளைக் காரணமாக்கியதே அதன் பிழை.

1961 பெப்ரவரியில் அரசு தொடக்கத்தை 'ஸ்ரீ லங்கா மாதா' என மாற்றியது. ஆசிரியரின் எதிர்ப்பு பொருட்படுத்தப்படவில்லை. அதே மாதத்தில்தான் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாவதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி வடகிழக்கில் அறப்போராட்டம் தொடங்கியது. பாடலின் முதற்சொல் திருந்தினால் நாடு நலம்பெறும் என ஒருபுறம் நம்பப்பட்டபோது, அப்பாடலின் இறுதி அடிகள் வேண்டிய ஒற்றுமை மறுபுறம் தெருவில் நின்றது. தமிழ் வடிவத்தின் தொடக்கமும் இம்மாற்றத்தைப் பின்பற்றி 'ஸ்ரீ லங்கா தாயே' என்றாயிற்று. நல்லதம்பி அப்போது உயிருடன் இல்லை. ஒரே முடிவால் இரு கவிஞர்களின் முதலடி மாறியது; ஒருவர் மறுத்தும் கேட்கப்படவில்லை, மற்றவர் மறுப்பதற்கு இல்லை.

தம் பாடலின் தலை கொய்யப்பட்டது, அதனால் தம் வாழ்வும் அழிந்தது என்னும் பொருள்பட நாளிதழுக்கு எழுதித் தம் வேதனையைச் சமரக்கோன் வெளியிட்டார். 1962 ஏப்ரல் 5ஆம் நாள், தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்டு அவர் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு அகவை 51. மகனை இழந்தமை, வறுமை, பதிப்புரிமையின் பறிபோக்கு எனப் பல துயரங்கள் அவர் வாழ்வில் இருந்தன. ஒரு மரணத்தை ஒரே காரணத்தால் விளக்க முயல்வது ஆய்வு நெறியன்று. எனினும் சொல்மாற்றம் அவரை ஆழமாகக் காயப்படுத்தியது என்பதற்கு அவருடைய எழுத்தே சான்று.

7. பிற்கால வரலாறு

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஏழாம் உறுப்புரையில் 'ஸ்ரீ லங்கா மாதா'வைத் தேசிய கீதமாக அறிவித்து, சொல்லையும் இசையையும் மூன்றாம் அட்டவணையில் சேர்த்தது. அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பில் அவ்வட்டவணை தமிழ் வடிவத்தைத் தாங்கியுள்ளது. இருந்தும் அரச விழாக்களில் தமிழ் வடிவம் நெடுங்காலம் ஒலிக்கவில்லை. 2010இல் அதனை முற்றாகக் கைவிடலாமா என அமைச்சரவை அளவில் பேசப்பட்டபோது பெரும் விவாதம் எழுந்தது. 2015இல் தமிழில் பாடுவதற்குத் தடையில்லை என அரசுத் தலைவர் அறிவித்தார். 2016 பெப்ரவரி 4ஆம் நாள், 1949க்குப் பின் முதன்முறையாக, சுதந்திர நாள் விழாவில் தமிழ் வடிவம் பாடப்பட்டது. 2020ஆம் ஆண்டு விழாவில் அது மீண்டும் இடம்பெறவில்லை. ஆட்சி மாறுந்தோறும் ஒரு பாடலின் மொழியுரிமையும் மாறுவது, அவ்வுரிமை சட்டத்தில் வேரூன்றியும் வழக்கத்தில் வேரூன்றாததையே காட்டுகிறது.

முடிவுரை

சமரக்கோனின் இசைவாழ்விலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, நவீன சிங்கள இசை தமிழ்க் கூத்து, பார்சி அரங்கு, வங்க இசை ஆகியவற்றோடு கொண்ட உறவின் ஊடாகவே தன் தனித்தன்மையை அடைந்தது. தனித்தன்மை என்பது தனிமை அன்று. இரண்டாவது, 'நமோ நமோ மாதா' தேசிய கீதமாகும் முன்னரே இருமொழிப் பாடலாகிவிட்டது. ஆகவே தமிழ் வடிவத்தைப் பாடுவோர் சலுகை எதையும் கேட்பவரல்லர், பாடலின் தொடக்க வரலாற்றையே பேணுபவராவர். மூன்றாவது, படைப்பாளியைக் கேளாமல் சொல்லை மாற்றிய மனப்போக்கும், பாடும் மக்களைக் கேளாமல் மொழியை விலக்கிய மனப்போக்கும் வேறுவேறல்ல. இரண்டும் பாடலை அரசின் உடைமையாக மட்டுமே கண்டன.

காலிப் பாடசாலையொன்றின் மாணவர்க்கென ஓர் இசையாசிரியர் இயற்றிய பாடல் அது. அவ்வாசிரியரின் துயரைத் தமிழுலகமும், தமிழாக்கிய புலவரின் உழைப்பைச் சிங்கள உலகமும் அறிந்துகொள்ளும் நாளில், ஒரு தாய் மக்கள் என்னும் அப்பாடலின் வேண்டுகோளுக்கு வரலாற்றாய்வு தன் பங்கைச் செலுத்தியதாக அமையும்.